தின்னரோட முதுகு

நம்ம தெருப் பெயிண்டருக்குப் பேரு ‘தின்னர்’. ஆளு வர்றதுக்கு முன்னாடியே, பெயிண்டுல கலக்குற அந்தத் தின்னர் வாசனை வந்துடும். யாரு எந்தப் படம் கேட்டாலும் ஓரத்துல ஒரு படகை மிதக்க விட்டுடுவாரு, பல் டாக்டர் போர்டுல கூட. “பல்லுக்கும் படகுக்கும் என்னய்யா சம்பந்தம்?”னு கேட்டா, “வலிக்கு அந்தப் பக்கம் ஒரு கரை இருக்குல்ல?”ம்பாரு. யோசிச்சா சரியாத்தான் இருக்கும். அதான் எரிச்சல்.

பிரசவ ஆஸ்பத்திரி ஹாலுக்கு, சுவரு முழுக்க ஒரே படம் கேட்டாங்க. அவரு மகளுக்கும் அங்கதான் தலைப்பிரசவம். மனுஷன் உசுரக் கொடுத்து வரைஞ்சாரு. விடியக்காலக் கடலு, ரெண்டு துடுப்பு வலிச்சுக்கிட்டு நம்மளைப் பார்த்துச் சிரிக்கிற படகுக்காரன். மூஞ்சி யாருது? சாட்சாத் அவரோடதேதான்! மீசை மட்டும் கொஞ்சம் தாராளம். “புள்ளையக் கூட்டிட்டு வர்றான்”னு போறவன் வர்றவனுக்கெல்லாம் விளக்கம் வேற.

மகளுக்கு வலி எடுத்த அன்னிக்கு சம்பந்தியம்மாவும் வந்தாங்க. படகுக்காரர் வீட்டுல பொறந்தவங்க. சுவரை ஒரு பார்வை பார்த்தாங்க.

“சம்பந்தி, இவன் எங்க போறான்?”

“போறானா? இல்லீங்க, வர்றான்!”

“உக்காந்து துடுப்பு வலிக்கிறவன் முதுகுப் பக்கமாத்தான் போவான். எங்கப்பா கிளம்புறப்போதான் கரையில நிக்கிற எங்களுக்கு மூஞ்சி தெரியும். திரும்பி வர்றப்போ முதுகுதான்.”

மக காதுல விழுந்துடுச்சு. லேபர் ரூமுக்கு அந்தச் சுவரைத் தாண்டித்தான் போகணும். நர்சு கூப்பிடுது, இவ நாற்காலிய விட்டு எந்திரிக்கல.

“அப்பா, போற படகைப் பார்த்துக்கிட்டு நான் உள்ள போக மாட்டேன்.”

சம்பந்தியம்மா நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க. கடிச்சு என்ன பண்ண?

தின்னர் சுவத்துல இருக்கிற தன் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு நின்னாரு. பாவம், நெசத்துல அவரு அவ்வளவு லட்சணமா என்னிக்கும் இருந்ததில்ல. அப்புறம் மொபெட்டுல இருந்து டப்பாவை எடுத்துட்டு வந்தாரு. கண்ணு, மூக்கு, சிரிப்பு எல்லாம் கறுப்புக்குள்ள போயி பின்மண்டையாச்சு, நெஞ்சு முதுகாச்சு.

அவரு பொண்டாட்டிக்கு மனசு கேக்கல. “மீசையையாவது விட்டு வைங்களேன்.”

“முதுகுல எங்கடி மீசை?”

வலியோட வலியா மக களுக்குனு சிரிச்சுட்டா. சிரிச்ச வாக்குல எந்திரிச்சு, ஈரம் காயாத படகைப் பார்த்துக்கிட்டே உள்ள போனா. பொண்ணு பொறந்துச்சு, ரெண்டு உசுரும் நல்லபடியா.

இப்பவும் ஹாலுக்கு வர்றவங்களை நிறுத்தி, “அது யாரு முதுகு, சொல்லுங்க பார்ப்போம்?”ம்பாரு. முதுகுல ஆளைக் கண்டுபிடிக்க முடியுமான்னு நானும் கிண்டல் பண்ணப் போனவன்தான். ஏணி தூக்கித் தூக்கி ஒரு பக்கமா இறங்கிப்போன தோளு. அதை அப்படியே வரைஞ்சு வச்சிருக்காரு மனுஷன்.