பரவாயில்லை என்றொரு நற்சான்று

2024 செப்டம்பர் 9: மனுக் கட்டணம் 1,015 டாலர். விரைவாகப் பார்ப்பதற்கு 2,805 டாலர்.
அக்டோபர் 1: சான்று போதாது என்று குடியேற்றத் துறையின் கடிதம். செலவில்லை.
நவம்பர் 16: திராட்சை மது, ஒன்பது புட்டி, 126 டாலர்.

இது என் வீட்டு மாடியில் குடியிருக்கும் மால்காஸின் கணக்கு. ஊர் ஜார்ஜியா, அமெரிக்காவின் தெற்கு மாநிலம் அல்ல, காகசஸ் மலை நாடு. மினசோட்டாவுக்கு வந்து, பனி தள்ளும் லாரியின் அடியில் மாட்டும் ஒரு கருவியைக் கண்டுபிடித்தார். சாலையில் எவ்வளவு பனி உறைந்திருக்கிறதோ அதற்குத் தக்க உப்பை மட்டும் அது தூவும். எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், உப்புக் கணக்கை முப்பத்தொரு வருடம் எழுதியவன் நான். செலவு பாதியானது உண்மை.

ஜனவரியோடு அவருடைய விசா முடிகிறது. அதற்குள் அபார ஆற்றல் உள்ள ஆராய்ச்சியாளர் என்று நிரூபித்தால் இங்கேயே நிரந்தரமாகத் தங்கலாம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சாலைத் துறைத் தலைவி டார்லீன் நற்சான்று கொடுத்திருந்தாள். "கருவி பரவாயில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை." எங்கள் ஊரில் ஒருவரை இதற்கு மேல் புகழ வேண்டுமென்றால் அவர் செத்திருக்க வேண்டும்.

மால்காஸின் நியூயார்க் வக்கீல் ரெபெக்கா போனில் கத்தினார். "மேடம், என்ன இது? பலசரக்குக் கடைத் தராசுக்கா சான்று கேட்டேன்?"

"ஏம்மா, நல்லாத்தானே எழுதியிருக்கேன்? ரொம்ப ஓவராப் போயிடுச்சோன்னு எனக்கே கூச்சமா இருந்துச்சு" என்றாள் டார்லீன்.

மால்காஸ் எழுதிய தன்விளக்கம் அதைவிட மோசம். பதினோரு பக்கம். லாரி ஓட்டுநர்கள் சிங்கங்கள், டார்லீன் பனிநாட்டு அரசி, நான் உப்பின் வரலாற்றாசிரியன். தன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

"எங்க ஊர்ல தன்னைத் தானே புகழ்ந்தா, அடுத்த விருந்துக்குக் கூப்பிட மாட்டாங்க ஐயா" என்றார் என்னிடம்.

இனிமேல் ஆகாது என்று முடிவுகட்டி, நவம்பர் 16 அன்று அவரே பிரிவு விருந்து வைத்தார். நானும் டார்லீனும் போனோம். வக்கீல் நியூயார்க்கிலிருந்து வீடியோவில் வந்தார்; அந்தப் போன் ரொட்டிக் கூடையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. டார்லீன் உருளைக்கிழங்கு உருண்டை அடுக்கிச் சுட்ட எங்கள் ஊர்ப் பதார்த்தமான ஹாட்டிஷ் கொண்டுவந்தாள். மால்காஸ் அதையும் ஆறு நிமிடம் புகழ்ந்தார்.

அவர்கள் விருந்தில் ஒரு சட்டம் உண்டு. கோப்பையைத் தூக்கியவர் யாரையாவது மனதாரப் புகழாமல் குடிக்கக் கூடாது. டார்லீனின் முறை வந்தது. கை வலிக்கும்வரை கோப்பையைத் தூக்கியபடி நின்றாள்.

"ம்... மால்காஸ் பரவாயில்லை."

"செல்லாது!" என்றார் மால்காஸ். "ஹாட்டிஷுக்கே நான் அவ்வளவு சொன்னேனே அக்கா!"

"ஐயோ, தொல்லை புடிச்ச மனுஷா!" முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. "சரி, கேட்டுக்கோ. பண்ணை வளைவுல வருஷா வருஷம் கார் வழுக்கி விழும். அடிபட்டவங்க வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்றது நான்தான். நீ கருவி மாட்டுனதுலேர்ந்து ரெண்டு குளிர்காலம் ஒரு போன்கூடப் பண்ணல. நாலு கவுண்டிக்காரங்க அதைப் பார்க்க வந்துட்டாங்க. உன்னை மாதிரி ஆளை நான் பார்த்ததில்லடா. இப்ப குடிக்கலாமா?"

மால்காஸ் எழுந்து தன் கோப்பையை அவள் கோப்பையோடு மோதினார்.

ரொட்டிக் கூடை அலறியது. "மேடம்! அதை அப்படியே எழுதிக் குடுங்க!"

"எழுதறதா? ஊரே சிரிக்குமே!"

"அக்கா, எழுதலைன்னா நான் ஊருக்குப் போறேன். உங்க அடுத்த கருவி யாரு செய்வா?" என்றார் மால்காஸ்.

டார்லீன் கோப்பையை ஒரே மூச்சில் காலிசெய்துவிட்டு என்னிடம் பேனா கேட்டாள். சொன்னதையெல்லாம் எழுதினாள். பக்கத்திலிருந்து விபத்து எண்ணிக்கையை நான் எடுத்துக் கொடுத்தேன். கடைசி வரியில், "மொத்தத்தில் பரவாயில்லை" என்று சேர்த்தாள். அதை அடிக்கச் சொல்லி வக்கீல் கெஞ்சினார். டார்லீன் மசியவில்லை.

டிசம்பரில் மனு ஏற்கப்பட்டது. நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டு அட்டை மட்டும் பாக்கி. அது வந்ததும் மால்காஸ் மாடிப்படியிலேயே பாட ஆரம்பித்துவிட்டார். டார்லீனுக்குப் போன் செய்தேன்.

"அப்படியா? மோசமில்லையே" என்றாள். பிறகு மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

அட்டையோடு கடைசிக் கடிதம் வந்த நாள்: 2025 மே 6, செவ்வாய்.