நீலச் சோக்கில் வரைந்த நாளம்

பகல் ஒன்று நாற்பதுக்கு என் மகள் சத்தி எடுப்பதை நிறுத்தினாள். சுகமாகிவிட்டது என்று நினைத்தேன். வாந்தியாய் வர வயிற்றில் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. ஏழு வயது. காலையிலிருந்து தண்ணீர் கேட்டபோதெல்லாம், "குடிச்சா திரும்பவும் சத்தி வரும், பொறு" என்று மறித்தவள் நான். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவள்.

ஓர்ஸ் ஹில்லில் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையை மூடியிருந்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துச் சிறிய மருத்துவ நிலையத்துக்கு ஓடினேன். அங்கே டொக்டர் இல்லை. பயிற்சி முடித்து இரண்டு மாதமான தாதி ஒருத்திதான் நின்றாள். கிண்ணியாவிலிருந்து வரும் மூத்த தாதி படகுத் துறையடிச் சோதனைச்சாவடியில் மறிபட்டு நிற்கிறாவாம்.

"சேலைன் ஏத்த வேணும் ரீச்சர். கையை அசையாமப் பிடியுங்கோ."

முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டியைக் கட்டினாள். தட்டினாள், தடவினாள். கரும்பலகையில் நான் நீலச் சோக்கால் கீறும் நாளங்கள் எவ்வளவு தடிப்பு! இந்தக் கையில் ஒன்றுகூட எழும்பவில்லை. உடம்பில் நீர் வற்றினால் நாளம் சுருங்கும் என்பது எனக்குத் தெரியும். வற்றவிட்டதும் நான்தான்.

புறங்கையில் ஊசியைச் சாய்த்துக் குத்தினாள். நாளம் வழுக்கி விலகியது. அடுத்து முழங்கை மடிப்பில் குத்தியபோது ஊசியின் பின்பக்கம் ஒரு துளி இரத்தம் தெரிந்தது. பிளாஸ்டிக் குழாயை உள்ளே தள்ளியதும் நாளம் வெடித்துத் தோல் வீங்கியது. மகள் அழவில்லை. கையை இழுக்கக்கூட இல்லை.

"இன்னொருக்காக் குத்து பிள்ளை."

"ஏலாது ரீச்சர். எனக்கு நாளம் பிடிபடுதில்லை."

"அப்ப இஞ்ச தா. நான் குத்திறன்."

உண்மையாகவே கையை நீட்டினேன்.

"நல்லாக் குத்துவீங்க! அங்கால நில்லுங்க ரீச்சர்."

வாசலில் மூத்த தாதி. முக்காடு வியர்வையில் ஒட்டியிருந்தது. பட்டியை அவிழ்த்துவிட்டு, கையைக் கழுவி வந்து பிள்ளையின் காலடியில் குந்தினா. பட்டியைக் கணுக்காலுக்கு மேலே கட்டினா. உள்பக்க எலும்புக்குச் சற்று முன்னால் விரலை வைத்தா. கண்ணால் தேடவேயில்லை.

"இந்த நாளம் எல்லாருக்கும் இந்த இடத்திலதான். காணாட்டியும் இருக்கும்."

ஒரே குத்து. சிவப்பு ஏறியது. குழாயை மெல்லத் தள்ளி, பட்டியை அவிழ்த்து, ஊசியை உருவினா. சேலைன் சொட்டத் தொடங்கியது.

காலையில் தண்ணீர் கொடுக்காததை அவவிடம் சொன்னேன். பிளாஸ்டர் ஒட்டியபடியே, நிமிராமல் சொன்னா:

"முழிச்சுத் தண்ணி கேட்டா, கரண்டியால கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. சத்தி எடுத்தாலும் குடுங்க."