கதிர்வேல் நிரப்பிய பெஞ்சுகள்

அன்னூருக்குக் கிழக்கே பூவாத்தாள் மகன் கதிர்வேல் என்றால் கோயமுத்தூர்க் காலேஜில் வரலாறு நடத்துகிறவன் என்று நாலு ஊருக்குத் தெரியும். பூவாத்தாளுக்கு மக்கள் இரண்டே பேர். மூத்தவள் கலாமணியைப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் சுப்பண்ணனுக்குக் கொடுத்திருந்தது. இளையவன் எம்.ஏ. முடித்து ஒரு தனியார் காலேஜில் வாத்தியாராகச் சேர்ந்தான். சேர்ந்த மறு வருசமே கழுத்துக்குக் கத்தி வந்துவிட்டது.

தொண்ணூற்றொன்று அது. எதிர் வராந்தாவில் கம்ப்யூட்டருக்கு ஏசி வைத்த அறை கட்டியிருந்தது, அதன் வாசலில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இந்தப் பக்கம் வரலாற்று வகுப்பில் பெஞ்சு மட்டும்தான் இருந்தது. காலேஜ் தாளாளர் நரசிம்மலு கூப்பிட்டுவிட்டார்.

"தம்பி, ஜூலைக்குள்ள பெஞ்சு நெறஞ்சா உங்க டிபார்ட்மெண்ட் இருக்குமுங்க. இல்லாட்டி நம்ம மில்லுல ஒரு நாற்காலி போட்டுத் தாரேன், வந்துருங்க."

கதிர்வேல் வேறு எங்கே போவான்? சொந்தபந்தம், ஒரம்பரை வீடுகளுக்குத்தான் போனான். நம் பக்கம் மாமனோ மச்சானோ வாசலேறி வந்து வாய்விட்டுக் கேட்டுவிட்டால், முகத்துக்கு நேரே மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. பெரியம்மாள் பேரன், சின்ன அத்தை மகன், பாட்டன் வழிப் பங்காளி வீட்டுப் பெண் என்று ஒவ்வொருவராகப் பிடித்தான்.

"சர்க்கார் பரீட்சையெல்லாம் வரலாறுதானுங்க. முடிச்சு வந்தா வேலை ஊடு தேடி வரும்" என்றான். அப்போது அவனும் அதைப் பாதி நம்பினான்.

அக்காள் வீட்டுக்கும் போனான். மச்சான் சுப்பண்ணனின் கடைசித் தம்பி அருள்குமார் தோப்பில் வேலை பழகிக்கொண்டிருந்தான். அவனையும் கூட்டி வந்தான்.

பெஞ்சு நிறைந்தது. அடுத்த வருசமும் நிறைந்தது. வரலாற்றில் இடமில்லை என்று திருப்பியனுப்பும் அளவுக்கு டிபார்ட்மெண்டுக்குப் பேர் வந்துவிட்டது. ஆண்டு விழாவில் நரசிம்மலு அவனுக்குச் சால்வை போர்த்தினார். பிள்ளைகளுக்கும் அவன் வகுப்பென்றால் உயிர். பேரூர்க் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கல்வெட்டைத் தடவிக் காட்டுவான். அருள்குமார் சாப்பாட்டை மறந்து கேட்பான்.

மூன்று வருசம் முடிந்து முதல் செட்டு வெளியே வந்தது. வேலை எந்த வீட்டையும் தேடி வரவில்லை. வரலாற்றுக்கு இடம் கேட்டு வருகிறவர்களும் குறைந்துபோனார்கள். அதிலிருந்து கதிர்வேலுக்குக் கல்யாணம், காதுகுத்து, எழவு எதற்கும் நிம்மதியாகப் போக முடியவில்லை. பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவன் அவன் மாணவன். இலைக்கு எதிரே அவன் அப்பன். "ஏனுங்க வாத்தியாரே, பையன் ஊட்லயேதான் இருக்கறானுங்க. ஏதோ தேடி வரும்னீங்களே?" என்று மரியாதையாகத்தான் கேட்பார்கள். அந்த மரியாதையில் சோறு இறங்காது. வெளியாள் பிள்ளையாக இருந்தால் வேறு தெருவில் நடந்துவிடலாம். இது எல்லாம் சொந்தம், எந்தத் தெருவில் போனாலும் எதிரே வரும்.

தொண்ணூற்றாறு வைகாசியில் அவனுக்குக் கல்யாணம் குறித்தது. பெண் காங்கயத்துப் பக்கம், சாந்தாமணி என்று பேர். வேறு குலக் கூட்டம், அதுவரை ஒட்டில்லாத புதுச் சம்பந்தம். அக்காளை அழைக்கப் பொள்ளாச்சிக்குப் போனான். நம் கல்யாணத்தில் தாலிக்கு முன்னால் இணைச்சீர் உண்டு. கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையும் மறுமுனையை உடன்பிறந்தவளும் பிடித்து நிற்க வேண்டும். கூடப் பிறந்தவள் இருக்கும்போது வேறொருத்தி நின்றால் ஊர் சும்மா இருக்காது.

சுப்பண்ணன் இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அனுப்பறனுங்க மாப்பிள்ளை. ஆனா எந்தம்பி ரெண்டு வருசமா காய் எண்ணிக்கிட்டு இருக்கறான். சந்தைக்குப் போனா, 'வாங்க சரித்திரம், இன்னைக்கு என்ன வெலை'ங்கறானுக. அவனுக்கு உங்க காலேஜுலயே ஒரு எடம் பண்ணிப்போடுங்க. உங்கக்கா சந்தோசமா வந்து நிப்பா."

கலாமணி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அருள்குமார் பஸ் ஏற்றிவிட வந்தான். "நீங்க மனசுல வெச்சுக்காதீங்க சார். அந்த மூணு வருசமும் எனக்கு நல்லாத்தானுங்க இருந்துச்சு. வெளிய வந்ததுதான் தப்பாப்போச்சு." திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது கதிர்வேலுக்கு.

நரசிம்மலுவிடம் போய் அருள்குமாருக்கு ஒரு வேலை கேட்டு நின்றான். அவர் சிரித்தார். "ரெண்டாவது செக்சன் ஆரம்பிச்சா ஆபீசுல ஒரு ஆள் தேவைதானுங்க. பிள்ளைகளைக் கூட்டி வாங்க, நீங்க சொல்ற பையனைப் போட்டுக்கறேன்."

"எங்க சொந்தத்துல இனிப் பிள்ளைகளே இல்லைங்க."

"பொண்ணு ஊட்டுப் பக்கம் இருப்பாங்கல்ல தம்பி?"

கதிர்வேல் ஒரு வாரம் தூங்கவில்லை. பிறகு கல்யாணப் பத்திரிகை வைக்கிற சாக்கில் காங்கயத்துப் பக்கம் வீடு வீடாகப் போனான். புதுமாப்பிள்ளை. அவன் வாய் திறந்தாலே தலையாட்டினார்கள். சர்க்கார் பரீட்சை, வேலை, அதே பேச்சு. இந்தத் தடவை அதில் ஒரு சொல்லையும் அவன் நம்பவில்லை.

வைகாசியில் முகூர்த்தம் நன்றாகவே நடந்தது. அருள்குமார் வெள்ளைச் சட்டையில் பந்தலெங்கும் ஓடியாடினான். ஜூனில் வேலையில் சேரப் போகிறான். இணைச்சீருக்குக் கலாமணி வந்து நின்றாள். சேலை முனையைப் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல் கேட்டாள்: "யாரைக் கொடுத்துடா என்னைக் கூட்டியாந்த?"

முன்வரிசையில் பெண் வீட்டுப் பையன்கள், தலையை அழுந்தச் சீவி, அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மத்தியானம் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து மறுசோறு உண்ண உட்கார்ந்தபோதுதான் சாந்தாமணி அவனிடம் முதன்முதலாகப் பேசினாள்.

"எந்தம்பிக்குப் பாலிடெக்னிக்குல எடம் கெடச்சிருந்துச்சுங்க. நீங்களே கேட்டுட்டீங்கன்னு அதை வேண்டாம்னு சொல்லிப்போட்டு உங்க வகுப்புக்கே வர்றேன்னுட்டான். நல்லாப் படிப்பானுங்க, நீங்க பாத்துக்குவீங்கல்ல?"

"ம், பாத்துக்கலாம்" என்றான் கதிர்வேல். எதிர்ப்பந்தியில் மச்சினன் எழுந்து நின்று அவனுக்கு வணக்கம் வைத்தான்.