பெயர் மாற்றாத கோப்பு

அவளுடைய மடிக்கணினியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். நாலைந்து எழுத்துகள் அழிந்துபோன விசைப்பலகை, உடைந்த மூடியில் டேப் ஒட்டு. பக்கத்திலேயே பிரான்ஸிலிருந்து அண்ணன் அனுப்பிய என்னுடைய புதுக் கணினி. ஆனால் காலையில் இருவரும் ஒன்றாகப் பொத்தானை அழுத்தினால், என்னுடையது விசிறியைச் சுழற்றிப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் பத்து வரி நிரல் எழுதி முடித்திருப்பாள்.

துறைமுகத்துக்குப் போகும் வீதியில், ஒரு கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மீன் லொறிகளின் வரவைப் பதியும் செயலி ஒன்றை எழுதிக்கொண்டிருந்தோம். பயிற்சிக்கு எடுத்தது எங்கள் இருவரை. நிரந்தரமாக்கப்போவது ஒருவரைத்தான் என்று கொழும்பிலிருந்த முகாமையாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். அவள் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருவாள், நான் பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வருவேன். முந்தி வந்து உட்கார்ந்திருப்பதும் அவள்தான்.

அவள் போட்டிருந்தது லினக்ஸ் இயங்குதளம், அதிலும் வேண்டாததையெல்லாம் கழித்துவிட்ட மெலிந்த லினக்ஸ். படமில்லை, பட்டியலில்லை, கறுப்புத் திரை, மேலே ஒரு கோட்டில் நேரம், அவ்வளவுதான். எப்படிப் போட்டாய் என்று கேட்டிருந்தால் சொல்லித்தந்திருப்பாள். போயும் போயும் அவளிடம் கேட்பதா?

ஒருநாள் மதியம் அவள் தொழப் போன நேரம், அவளுடைய செட்டிங்ஸ் கோப்புகளை முழுதாக என் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டேன். சனிக்கிழமை வீட்டில் என் கணினியில் இருந்ததையெல்லாம் அழித்து, அதே லினக்ஸைப் போட்டு, கோப்புகளை உரிய இடங்களில் வைத்தேன். திரை கறுத்தது, மேலே நேரம் வந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை அவள் என் திரையைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு தன் வேலைக்குத் திரும்பினாள். நான் தலை நிமிரவில்லை. மாதக்கணக்காக இழுத்தடித்த லொறிப் பட்டியல் கோளாறை மூன்றே நாளில் திருத்தி அனுப்பினேன்.

வியாழக்கிழமை காணொளிக் கூட்டத்தில் முகாமையாளர் முகமெல்லாம் சிரிப்பு. "லொறிப் பட்டியல் திருத்தம் அருமை தங்கச்சி!" என்று அவளைப் பாராட்டினார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நிரலைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் எழுதியவர் பெயரும் கூடவே பதிவாகும். அந்தப் பெயர் செட்டிங்ஸில் ஒரு வரி. நான் அள்ளி வந்ததில் அவளுடைய பெயரும் சேர்ந்து வந்திருக்கிறது. வாயைத் திறந்தால் நான் கள்ளன், திறக்காவிட்டால் வேலை அவளுக்கு.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள்.

"அது நான் செய்யேல்ல சேர், இவர் செய்தது. என்ர செட்டிங்ஸை நான்தான் இவருக்குக் குடுத்தனான். பேரை மாத்தச் சொல்ல மறந்திட்டன்."

"ரெண்டு பேரும் கவனமா இருங்கோ" என்று முகாமையாளர் சிரித்துவிட்டு அடுத்த விசயத்துக்குப் போனார்.

மாதக் கடைசியில் நிரந்தரக் கடிதம் எனக்கு வந்தது. அவள் "சந்தோசம்" என்றாள், டேப் ஒட்டிய கணினியைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அன்று கூட்டம் முடிந்த கையோடு அந்த ஒரு வரியில் என் பெயரை எழுதியிருந்தேன். மற்ற வரிகளில் கைவைக்கவில்லை. கணினி இன்றும் பட்டென்று திறக்கிறது, கறுப்புத் திரையைக் கண்டதும் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அவளுடைய இடத்தில் நான் இருந்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன்.