போல்ட் அசையாத ஞாயிற்றுக்கிழமை

மில்லில் முப்பது வருஷம் பிட்டராக இருந்தவனுக்கு ஒரு கார் பெல்ட் மாற்றத் தெரியாதா என்ற திமிரில்தான் அந்தச் சனிக்கிழமை மதியம் பானெட்டைத் திறந்தேன். திமிர் என்று இப்போது எழுத முடிகிறது. அன்று அதற்கு நான் வைத்திருந்த பெயர் தன்மானம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்த மகளைப் பிரசவத்துக்கு ராஜபாளையம் கூட்டிவர வேண்டும். மறுநாள் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் அவள் வாசல் தாண்ட வேண்டும் என்று நேரம் குறித்திருந்தார்கள். இரண்டு மாதம் முன்பு அவள் வீட்டுக்குப் போனபோது என் பழைய டீசல் கார் அவர்கள் வாசலிலேயே படுத்துக்கொண்டது. சம்பந்தியின் ஆட்கள் நாலு பேர் தள்ளித்தான் கிளப்பினார்கள். "இதுலயா சம்பந்தி பிள்ளையக் கூட்டிட்டுப் போவிய?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். இதே காரில், ஒரு தும்மல்கூட இல்லாமல், அவர் வாசலில் போய் நிற்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை பட்டறையில் பேட்டரியை மாற்றினேன். அப்போதுதான் மெக்கானிக் டைமிங் பெல்ட்டைப் பார்த்துவிட்டு, ஆயுசு முடிஞ்சது, ஓட்டத்தில் அறுந்தால் எஞ்சினே போச்சு என்றார். வண்டியை விட்டுப் போங்க, செவ்வாய்க்கிழமை தாரேன் என்றும் சொன்னார். செவ்வாய்க்கிழமை எனக்கு எதற்கு? புதுப் பெல்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்தேன்.

ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைக் கழற்றினேன். எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து, எஞ்சினைத் தாங்கும், துருவேறிக் கிடந்த மவுண்டிங் போல்ட்டுகளை மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றித் தட்டி எடுத்தேன். அதில் கடைசி போல்ட் என் நெற்றிச் சதையைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் வந்தது. மேல்மூடி வந்ததும் இனி என்ன இருக்கிறது என்று பழைய பெல்ட்டைக் கத்தியால் அறுத்துப் போட்டேன். அறுக்காமல் இருந்திருந்தால் பழைய பெல்ட்டோடாவது கிளம்பியிருக்கலாம், அந்த அவசரத்தை நினைத்தால் இன்றும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

ஒரே ஒரு போல்ட்தான் மிச்சம். எஞ்சினின் அடியில் முக்கியத் தண்டின் நுனியில் ஒரு புல்லி, அதாவது கப்பி, இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் போல்ட் கழன்றால்தான் புதுப் பெல்ட்டை உள்ளே கோக்க முடியும். எஞ்சின் சுற்றாமல் இருக்க வண்டியை கியரில் போட்டு, மனைவியை உள்ளே உட்கார்த்தி பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். ஸ்பானரில் இரும்புக் குழாயை மாட்டித் தொங்கினேன். அசையவில்லை. இருட்டும்வரை தொங்கினேன். மறுநாள் விடிந்ததும் மறுபடி தொங்கினேன். அவள் கால் நடுங்கியது, என் தோள் கழன்றது, குழாய்தான் வளைந்தது.

"வாடகைக் கார் ஒண்ணு சொல்லிருங்களேன்," என்றாள்.

"செத்த நேரம் பொறு ஏட்டி. வந்துரும்."

வராது என்று எனக்கே தெரிந்துவிட்டது. வந்தாலும் பெல்ட் மாட்டி முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். எட்டரைக்கு மகள் போன் செய்தாள்.

"அப்பா, கிளம்பிட்டீங்களா?"

"கிளம்பிட்டேம்மா."

ஏன் சொன்னேன்? இன்றுவரை என்னால் நியாயம் சொல்ல முடியவில்லை. மனைவி பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

"என்ன காரியம் பண்ணிட்டிய! நேரம் தப்பக் கூடாதுன்னு அவ வாசல் தாண்டிருவா. தாண்டுன பொறவு திரும்ப உள்ள ஏறக் கூடாதுன்னு தெரியாதா? நெற மாசக்காரி தெருவுலயா நிப்பா?"

கிறுக்குப் பிடித்தவன் மாதிரி மறுபடி குழாயில் பாய்ந்தேன். அவள் கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் குனிந்தாள்.

"நேத்து முன்சக்கரத்துப் போல்ட்டெல்லாம் அந்தப் பக்கமால்ல திருப்புனிய. இத ஏன் இந்தப் பக்கமா முறுக்குதிய?"

குழாயை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். மில் மெஷினில் நான் அதிகம் கைவைத்தது மோட்டார் சுற்றுகிற டிரைவ் பக்கத்துத் தண்டுதான். அது சுற்றுகிற சுற்றில் நட்டு தானாகக் கழன்றுவிடாதபடி அங்கே எதிர்மரை வெட்டியிருக்கும். ஊரெல்லாம் இறுக்குகிற பக்கம் திருப்பினால்தான் அது கழலும். தண்டு நுனியில் போல்ட்டைப் பார்த்ததும் என் கை என்னைக் கேட்காமல் அந்தப் பக்கம் போயிருக்கிறது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து நான் அந்தப் போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன், என் முழு உடம்பையும் போட்டு.

எதிர்ப்பக்கம் திருப்பிப் பார்த்தேன். போல்ட்டின் தலைதான் மழுங்கி வழுக்கியது.

அன்று முகூர்த்த நாள். ஸ்டாண்டில் ஒரு கார் இல்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன், எல்லா வண்டியும் கல்யாண வீடுகளில் நின்றது. மகளிடம் உண்மையைச் சொல்ல மட்டும் துணிச்சல் வரவில்லை, மனைவியைச் சொல்லவும் விடவில்லை. கடைசியில் ஆட்டோவில், கிரீஸ் கையோடு, மாற்றாத சட்டையோடு மனைவியும் நானும் போய் இறங்கியபோது மணி பத்தரை தாண்டிவிட்டது.

மகள் கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வேப்பமர நிழல் நகர்ந்துபோய், வெயில் அவள் மடியில் இருந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. சம்பந்தியின் கார் பக்கத்திலேயே கதவு திறந்தபடி நின்றது.

"நான் கொண்டுவந்து விடுதேன்னு ஒம்பதரைல இருந்து சொல்லுதேன் சம்பந்தி," என்றார் அவர். இந்த முறை சிரிக்கவில்லை. "ஏற மாட்டேன்னுட்டா. அப்பா கிளம்பிட்டாக, இந்தா வந்துருவாகன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தா."

மகள் என் கையைப் பார்த்தாள். நெற்றிக் காயத்தைப் பார்த்தாள். தெருமுனைவரை ஒருமுறை பார்த்தாள்.

"கார் எங்கப்பா?"

"வீட்ல பிரிச்சுப் போட்டுக் கெடக்கும்மா."

"எப்ப பிரிச்சீங்க?"

"நேத்து."

அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. எழுந்து போய் சம்பந்தியின் காரில் அவளாகவே ஏறிக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நிமிஷத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது.

அந்தக் காரிலேயே நாங்களும் வந்தோம். எங்கள் வாசலில் என் கார் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்க, சாக்கில் பரப்பிய போல்ட்டுகளைத் தாண்டி பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். சம்பந்தி எல்லாவற்றையும் பார்த்தார். காலில் தட்டிய ஒரு போல்ட்டை எடுத்துச் சாக்கிலேயே திரும்ப வைத்தார். நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை மெக்கானிக் வீட்டுக்கே வந்து, மழுங்கிய தலையில் ஒரு நட்டை வெல்டிங் வைத்து அந்தப் போல்ட்டை எடுத்துக் கொடுத்தார். கார் இப்போது நன்றாக ஓடுகிறது. பேத்திக்கு ஒரு வயது ஆகப்போகிறது. மகள் என்னோடு பழையபடிதான் பேசுகிறாள். ஒன்றே ஒன்றுதான் புதிது. அவளைப் பார்க்கப் போகும்போது கிளம்பிட்டேன் என்று போனில் சொன்னால், "எஞ்சின் சத்தத்தைக் கேக்க வைங்கப்பா," என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள். நான் போனை ஜன்னலுக்கு வெளியே பானெட் பக்கமாக நீட்டிக்கொண்டு, அவள் சரி என்று சொல்லும்வரை வண்டியை நகர்த்தாமல் உட்கார்ந்திருக்கிறேன்.