மரியாதைக்கு உயர்த்திய கை

எங்கள் ஆட்களின் கூட்டங்களில் கை உயர்த்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் சுவாமி மைக்கைப் பிடித்து, திருநாளுக்கு யார் யார் உதவிக்கு வருகிறீர்கள் என்று கேட்பார். உடனே எல்லாக் கைகளும் மேலே போகும். போகாவிட்டால் மரியாதைக் குறைவு. ஆனால் அந்தக் கைகளைச் சுவாமி உட்பட யாரும் நம்புவதில்லை. கடைசியில் வழக்கமான சில குடும்பங்கள்தான் கதிரை அடுக்கும், சோறு ஆக்கும், சட்டி கழுவும். கை உயர்த்திய மற்றவர்கள் நாங்கள் திருநாள் அன்று நேரத்துக்கு வந்து, சோறு கொஞ்சம் குழைந்துபோச்சு என்று சொல்லிவிட்டுப் போவோம். பாரிசுக்கு வந்த காலத்திலிருந்து நான் திருச்சபைக்கு இப்படித்தான் தொண்டு செய்து வருகிறேன்.

பிரெஞ்சுக்காரருக்கு இந்த முறை தெரியாது. அதுதான் பிரச்சினை.

மகள் ஆரம்பப் பள்ளியை முடித்து, ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய வருடம் அது. அவளைத் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் பக்கத்திலேயே ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அதற்கு ஒரே ஒரு காரணம்தான். அவள் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சப்பாத்துக்குள் காலை விடும்போதே கேட்பாள், நாங்கள் ஏன் பூசைக்குப் போகிறோம், அங்கே யாராவது உண்மையில் இருக்கிறாரா என்று. பிரெஞ்சில் கேட்பாள். அந்தப் பாஷையில் அந்தக் கேள்விக்கு ஒரு கூர் இருக்கிறது, நேராக வந்து குத்தும். நான் தமிழில் பகிடி விடுவேன். "வராட்டில் அவர் ஆப்சன்ட் போட்டிடுவார்" என்பேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

அது எனக்குப் பயத்தைத் தந்தது. பிள்ளையின் விசுவாசம் என் கண் முன்னாலேயே கழன்று போகிறது, எனக்குப் பிடித்து நிறுத்தத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பிரசங்கம் தொடங்கினால் கோயில் வாசலுக்கு வெளியே வந்து, ரஞ்சிஸ் சந்தையில் வெண்டிக்காய் என்ன விலை போகிறது என்று கதைக்கிற ஆம்பிளைகளில் நானும் ஒருவன். பல்லு ஆடினால் பல்லு டொக்டரிடம் போகிறோம். விசுவாசம் ஆடினால் கத்தோலிக்கப் பள்ளிக்கூடம். அவர்கள் படித்தவர்கள், பாத்துக்கொள்ளுவார்கள் என்று நினைத்தேன்.

கத்தோலிக்கப் பள்ளிக்கூடம் என்றால் என் மனதில் யாழ்ப்பாணத்துக் கொன்வென்ட்தான். வெள்ளை உடுப்புச் சிஸ்டர்மார், மணி அடித்ததும் செபம், முழங்காலுக்குக் கீழே இறங்கிய பாவாடை, கையில் அடிமட்டம். ஆகவே முதல் நாள் குடும்பமாக அதற்கேற்ற மாதிரி வெளிக்கிட்டோம். நான் எங்கள் கலியாண வீட்டுக் கோட்டைப் போட்டேன். பொத்தான் மூச்சு விட விடவில்லை. மனைவி சேலை. மகளுக்கு வெள்ளைச் சட்டை, மடிப்புப் பாவாடை, இரட்டைப் பின்னல். அவள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பள்ளிக்கூட வாசலில் எங்களைத் தவிர எல்லாரும் ஜீன்ஸ். சிஸ்டர் ஒருவரும் இல்லை. கட்டை மயிரும் ஓடுகிற சப்பாத்துமாக ஒரு அம்மா சைக்கிளில் வந்து இறங்கினா. யாரோ பிள்ளையைக் கொண்டுவந்து விட வந்தவ என்று நினைத்து நான் வழி விட்டுத் தள்ளி நின்றேன். அவதான் அதிபர். மணி அடித்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்தபோது பிள்ளைகள் எல்லாம் உள்ளே போய்விட்டார்கள், வாசலில் நான் மட்டும் பக்தியோடு நின்றேன்.

பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு தாய் நின்றா. செபம் எப்போது என்று அவவிடம் கேட்டேன். காலையில் அப்படி ஒன்றும் இல்லை, மேல் மாடியில் சின்னச் சிற்றாலயம் இருக்கிறது, விரும்புகிறவர்கள் போகலாம், வியாழக்கிழமை மத்தியானம் பாதிரியார் வருவார் என்று நிதானமாகச் சொன்னா. அவவின் மூத்த மகன் இங்கேதான் படித்தவனாம். பள்ளிக்கூடம் நல்ல ஒழுங்கு, அதனால் சின்னவனையும் கொண்டுவந்திருக்கிறாவாம். கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் சிற்றாலயம் எங்கே என்று ஒரு முஸ்லிம் தாயிடம் வழி கேட்டுத் தெரிந்துகொண்ட கத்தோலிக்கன் நான். கோட்டுப் பொத்தான் அப்போதுதான் தெறித்தது.

விரும்புகிறவர்கள் போகலாம். அந்த வசனம் வீடு வரைக்கும் என்னோடு வந்தது. விரும்புகிறவர்கள் என்றால் என் மகள் போக மாட்டாள். அதற்காகத்தானே இங்கே கொண்டுவந்து விட்டது.

அடுத்த கிழமை பெற்றார் கூட்டம். மனைவிக்கு வேலை, நான் போனேன். சின்னக் கதிரைகளில் பெரிய மனிதர்கள் முழங்கால் நாடியில் முட்ட இருந்தோம். கணக்கு வாத்தியார் கதைத்தார், சாப்பாட்டுச் சாலையைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு மறைக்கல்விக்குப் பொறுப்பான இளம் பெண் எழும்பினா. செவ்வாய் மத்தியானங்களில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்து விசுவாசத்தைப் பற்றிக் கதைக்க ஒரு பெற்றார் வேண்டும், இந்த வருடம் இன்னும் ஒருவரும் கிடைக்கவில்லை, யாராவது முன்வருவீர்களா என்று கேட்டா. கேட்டது எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. விளங்கியபடியால்தான் பழக்கத்தில் கை மேலே போனது. ஒரு நல்ல காரியத்துக்கு ஆள் கேட்கிறார்கள், கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறதா?

திரும்பிப் பார்த்தேன். என் கை ஒன்றுதான் அந்த அறையில் மேலே நின்றது.

இறக்க முயன்றேன். அதற்குள் அந்தப் பெண் என் பெயரைக் கேட்டு எழுதிவிட்டா. அதிபர் கை தட்டினா. மற்றவர்களும் தட்டினார்கள், தப்பிவிட்ட சந்தோசத்தில் நன்றாகவே தட்டினார்கள். எங்கள் ஆட்கள் என்றால் இந்த இடத்தில் யாராவது எழும்பி, அவருக்குக் கடையில வேலை, பாவம், வேறை ஆளைப் பாப்பம் என்று காப்பாற்றியிருப்பார்கள். இங்கே ஒருவரும் எழும்பவில்லை. இவர்களிடம் செய்து தாருங்கள் என்று நான் கொண்டுவந்து ஒப்படைத்த வேலையை, இவர்கள் கை தட்டி என்னிடமே திருப்பித் தந்துவிட்டார்கள்.

நான் வேலை செய்வது லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில். அங்கே செய்தி முருங்கைக்காயைவிட வேகமாக விற்கும். என்னோடு கல்லாவில் நிற்கிற தம்பி ரூ பஜோல் பிள்ளையார் கோயில்காரன், தேருக்கு வடம் பிடிக்கிறவன். அவன் கறிவேப்பிலையைக் கட்டிக்கொண்டே சொன்னான், "அண்ணை, நீங்கள் பிள்ளையளுக்குச் சமயம் படிப்பிக்கிறதெண்டால், நான் செவ்ரான் நீச்சல்குளத்திலை நீச்சல் படிப்பிக்கலாம்." அவனுக்கு நீந்தத் தெரியாது. அன்று முழுக்க வருகிற சனத்துக்கெல்லாம் என்னைக் காட்டி, சுவாமியிட்டை ஆசீர்வாதம் வாங்கிப்போட்டு மிளகாய் எடுங்கோ என்றான். மன்னாரிலிருந்து வந்த ஒரு அக்கா உண்மை என்று நம்பி, தன் மகனின் விசாவுக்காகச் செபிக்கச் சொன்னா. நான் ஓம் என்றேன். அந்த அக்காவுக்கு வேறு என்ன சொல்வது?

வீட்டில் மகளிடம் சொன்னேன். கோபப்படுவாள், அழுவாள், என்னை வெட்கப்படுத்தாதீர்கள் என்பாள் என்று எதிர்பார்த்து, பதிலுக்குச் சில பகிடிகளும் தயாராக வைத்திருந்தேன். அவள் தாயைப் பார்த்தாள். தாய் அடுப்பைப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிட்டு மகள் தன் அறைக்குப் போய்விட்டாள்.

செவ்வாய் வந்தது. முதலாளி ஒரு மணித்தியாலம் விட்டார். வெங்காய மணத்தோடு போய் அந்த அறைக்குள் நின்றேன். பிள்ளைகள் வட்டமாக இருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என் மகள் இல்லை. காய்ச்சல் வருத்தமாக்கும் என்று பயந்து அந்தப் பொறுப்பான பெண்ணிடம் கேட்டேன். அவவுக்கு என் அறியாமை ஆச்சரியமாக இருந்தது. உங்கள் மகள் மற்ற வகுப்பில் இருக்கிறாள், எல்லாச் சமயங்களின் வரலாறும் படிக்கிற வகுப்பு, வருடத் தொடக்கத்திலேயே அதைத் தெரிந்தெடுத்தாள், அம்மா சம்மதம் தந்தவ என்றா. சுவருக்கு அந்தப் பக்கத்து அறைதான்.

ஊரான் பிள்ளைகளுக்கு விசுவாசம் ஊட்ட வந்து நிற்கிறேன், யாருக்காக இத்தனையும் செய்தேனோ அந்தப் பிள்ளை சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தாய்க்கும் தெரியும். அடுப்பைப் பார்த்ததன் அர்த்தம் இப்போதுதான் விளங்கியது. திரும்பிக் கடைக்கே போய்விடலாமா என்று இருந்தது. ஆனால் யன்னல் வழியே விழுந்த பன்னிரண்டு மணி வெயிலில் அத்தனை பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மனப்பாடம் செய்து வந்த பிரெஞ்சு முழுவதும் பறந்துவிட்டது. ஒரு பகிடி சொன்னேன், சிரித்தார்கள். எப்போது செபிப்பீர்கள் என்று ஒரு பையன் கேட்டான். கார் து நோர் ரயில் ஸ்டேசனில் ரிக்கற் பரிசோதிக்கிறவர்கள் நிற்கும்போது என்றேன். இன்னும் நன்றாகச் சிரித்தார்கள். பிறகு கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண், சிரிக்காமல் இருந்தவள், கேட்டாள்.

"கடவுள் இருக்கிறார் எண்டு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா, மிஸியு?"

அந்தப் பொறுப்பான பெண்ணைப் பார்த்தேன். அவவும் பதிலுக்காக என்னைத்தான் பார்த்தா. பகிடி ஒன்றும் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறை தேடியும் வரவில்லை. தெரியாது என்றேன். பிறகு, எப்படி வந்தது என்று தெரியவில்லை, அந்த லொறியைப் பற்றிச் சொன்னேன்.

இந்த நாட்டுக்கு ஒரு லொறிக்குள் வந்தேன். பூட்டிய பெட்டிக்குள், கரட் மூட்டைகளுக்குப் பின்னால். ஓரிடத்தில் லொறி நின்றுவிட்டது. நெடுநேரம் நின்றது. மூச்சு முட்டியது. தட்டினோம், ஒருவரும் வரவில்லை. உள்ளே இருந்த ஒவ்வொருவரும் அவரவர் சாமியைக் கூப்பிடத் தொடங்கினோம். பிள்ளையாரை, மாதாவை, அல்லாவை. நானும் கூப்பிட்டேன். கதவு திறந்தது. யார் திறந்தது என்று பார்க்கவில்லை, எல்லாரும் ஓடினோம். அதற்குப் பிறகு கூப்பிடுகிறதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான் என்று என் ஓட்டைப் பிரெஞ்சில் சொல்லி முடித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மணி அடித்த பிறகும் அந்தக் கண்ணாடிப் பெண் எழும்பவில்லை.

அன்று பின்னேரம் நான் வீட்டுக்குப் போனபோது மகள் குசினி மேசையில் புத்தகம் திறக்காமல் இருந்தாள். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. நான் வாய் திறக்கும் முன்னரே மகள் தமிழில் தொடங்கினாள். அவள் தமிழில் தொடங்குவது அபூர்வம். ஏதோ பாரதூரமானது என்று தெரிந்து கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்கள் லொறியில வந்தனீங்களா?"

சாப்பாட்டுச் சாலையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். முழுப் பள்ளிக்கூடத்துக்கும் தெரியுமாம். கண்ணாடிப் பெண் அழுதாளாம். ஓம் என்றேன்.

"எனக்கு நீங்கள் பிளேனில வந்தது எண்டு சொன்னீங்கள். பிளேனில ஐஸ்கிறீம் தந்தவை எண்டு சொன்னீங்கள்."

அது நான் அவள் குழந்தையாக இருந்தபோது சொன்ன பகிடி. அவள் அதை நம்பியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

"நான் கேட்கேக்கை எல்லாம் பகிடி. அவையள் ஒருக்காக் கேட்க உண்மை. எனக்கு ஏன் பகிடி மட்டும்?"

மனைவியின் கத்தி நின்றுவிட்டது. அந்த வகுப்புக்கு வராததற்கு வெட்கம் காரணம் இல்லை என்று மகள் பிறகு பிரெஞ்சில் சொன்னாள். அவளுக்கு இன்னும் தெரியவில்லையாம், கடவுள் உண்டா இல்லையா என்று. தெரியாமல் என் முன்னால் இருந்து தெரிந்த மாதிரி நடிக்க விருப்பமில்லையாம். எனக்கு எல்லாம் நிச்சயமாகத் தெரியும் என்றுதான் அவள் நினைத்திருந்தாளாம். தெரியாதவர் ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் பூசைக்குப் போவாரா?

விசுவாசத்தில் அசையாத மனிதன் என்று இந்த உலகத்தில் ஒரு ஆள் என்னை நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அந்த ஆளைத்தான் இத்தனை வருடம் ஆப்சன்ட், ஐஸ்கிறீம் என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். நாக்கு நுனியில் அப்போதும் ஒரு பகிடி வந்தது. நல்ல பகிடிதான். விழுங்கிவிட்டேன்.

கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்கு முன்னால் இருந்தேன். எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து சொன்னேன். வகுப்பில் சொல்லாததையும் சொன்னேன். அவள் குறுக்கே குறுக்கே கேட்டாள். இருட்டாக இருந்ததா, எங்கே சலம் போனீர்கள், யார் முதலில் சாமியைக் கூப்பிட்டது. பருத்தித்துறை ஆள் ஒருவர், வாட்டசாட்டமான மனிதர், அவர்தான் முதலில் அழுதார், பிள்ளையாரைக் கூப்பிட்டார் என்றேன். கடைசியில் என் கையைப் பிடித்து வெளியே இழுத்ததும் அவர்தான்.

அவள் யோசித்தாள். பிள்ளையாரைக் கூப்பிட்டவருக்கும் கதவு திறந்ததா என்று கேட்டாள். ஒரே கதவுதானே என்றேன்.

"அப்ப ஆர் திறந்தது?"

"தெரியாது, அம்மா. நிறைய நாள் யோசிச்சனான். இப்பவும் யோசிக்கிறனான்."

அவள் தலையை ஆட்டினாள். நம்புகிறேன் என்றோ நம்பவில்லை என்றோ சொல்லவில்லை. அந்த வருடம் முழுவதும் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்து வகுப்பிலேயேதான் படித்தாள். அன்று புத்தகத்தைத் திறந்துகொண்டே ஒன்று மட்டும் சொன்னாள்.

"அடுத்த செவ்வாய் அந்தப் பருத்தித்துறை ஆளின்ரை கதையை அவையளுக்குச் சொல்லாதேங்கோ. அது எனக்கு."