சைராகுல் அனுப்பிய நல்ல சேதி

சைராகுல் நரின் என்ற மலை நகரத்துக்குப் பக்கத்து இளைஞர் மையத்தில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். பதினெட்டு வயதில் கட்டிக்கொடுத்த இடத்தில் ஐந்து வருஷம் அல்லாடிவிட்டு, ஒற்றைப் பையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். தன் கதி இன்னொரு பெண்ணுக்கு வரக் கூடாது என்ற வெறி அவளுக்கு. சம்பளமெல்லாம் அப்புறம்தான்.

சனிக்கிழமை மையத்தில் கணினி வகுப்பு. மற்ற நாட்களில் பாடம் செல்பேசியில் வரும். நேரிலும் உண்டு, செல்பேசியிலும் உண்டு என்று தலைநகரத்து அலுவலகத்தில் பீற்றிக்கொள்வார்கள். பல வீடுகளில் இருப்பதே ஒரு செல்பேசி, அதுவும் அப்பாவின் சட்டைப்பையில் என்பது அவர்களுக்கு எங்கே உறைக்கப் போகிறது?

அக்மூர் அப்படிப்பட்ட வீட்டுப் பெண். பதினெட்டு முடிந்திருந்தது. சனிக்கிழமை தவறாமல் மலையிலிருந்து வேனில் இறங்கி வருவாள். மற்ற நாட்களில் அப்பா தொக்தோசுன் ஆடுகளுக்குத் தீவனம் போடப் போகும் நேரம் பார்த்து, அவர் வைத்துவிட்டுப் போன செல்பேசியில் பாடம் கேட்பாள். தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு வருஷக் கணினிப் பயிற்சி, தங்க இடமும் உண்டு என்று தெரிந்ததும் சைராகுல்தான் அவளை விண்ணப்பிக்க வைத்தாள். வீட்டில் அம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"அக்கா, எடம் கெடச்சாலும் போன்ல எதையும் அனுப்பிடாதீங்க. நீங்க நேர்ல வந்து அப்பாகிட்ட பக்குவமா பேசுங்க. நீங்க பேசினா மசிவாரு."

"போடி, என்னை என்ன கூறுகெட்டவள்னு நெனச்சியா?"

பிப்ரவரியில் பனி கொட்டி மலைச்சாலை அடைத்துக்கொண்டது. அந்த வாரம்தான் முடிவு வந்தது. மையத்திலிருந்து விண்ணப்பித்த பதினோரு பேரில் அக்மூர் ஒருத்திக்கே இடம்.

நல்ல சேதியை முதலில் சொல்பவர் "சுயுன்ச்சு!" என்று கூவிப் பரிசு கேட்பது எங்கள் வழக்கம். பிள்ளை பிறந்தாலும் சரி, காணாமல் போன குதிரை கிடைத்தாலும் சரி, கூவாமல் எங்களால் இருக்க முடியாது. சைராகுலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. செல்பேசியை வாயருகே பிடித்து, குரல்பதிவில் கத்தி அனுப்பினாள்.

"சுயுன்ச்சு, அக்மூர், சுயுன்ச்சு! பிஷ்கெக் கெடச்சுடுச்சுடி! எனக்கு என்ன தரப்போறே?"

அனுப்பிய பிறகுதான் அது அப்பாவின் செல்பேசி என்பது உறைத்தது. பதறிப்போய் அழித்தாள். அதற்குள் அந்தப் பக்கம் கேட்டாகிவிட்டது. பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை.

நாலாம் நாள் சாலை திறந்தது. முதல் வேனிலேயே போனாள். தொக்தோசுன் முகம் சுளிக்காமல் வரவேற்று, ரொட்டியும் டீயும் வைக்கச் சொன்னார். கிண்ணத்தை நீட்டிய அக்மூரின் காதுகளில் புதுத் தோடு. சைராகுலுக்குச் சகலமும் விளங்கிவிட்டது. நாலு வீடு தள்ளி இருப்பவர்கள் ஒரு வருஷமாகப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் வந்து, நிச்சயத்துக்கு அடையாளமாகத் தோடு போட்டுப் போயிருக்கிறார்கள். இனி அதைக் கழற்றினால் இரண்டு குடும்பத்துக்கும் மானக்கேடு.

"எங்க அண்ணன் மகளும் படிக்கத்தான் பிஷ்கெக் போனா" என்றார் தொக்தோசுன். "அங்கேர்ந்து மாஸ்கோ. அப்பன் சாவுக்குக்கூட வரல. என் பொண்ணு என் கண்ணு முன்னால இருக்கட்டும்மா."

"அவளுக்கு இஷ்டமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களாண்ணே?"

"நீ என்னை ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"

சைராகுல் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தாள். வாசலில் அக்மூரின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "சின்னவளையாவது உங்ககிட்ட அனுப்பலாம்னு இருந்தேன். இனிமே சனிக்கிழமைன்னு வாயெடுக்கவே முடியாது."

அக்மூர் வேன் வரை கூட வந்தாள். திட்டியிருக்கலாம், அறைந்திருந்தால்கூட சைராகுல் வாங்கிக்கொண்டிருப்பாள்.

"சந்தோஷத்துலதான் அனுப்புனீங்கன்னு தெரியும்க்கா" என்றாள் அக்மூர். "ஆனா நாலு நாள்தானே? நேர்ல வந்து சொல்லியிருக்கலாமேக்கா."

சைராகுல் அவள் கையைப் பிடிக்கப் போனாள். அக்மூர் அதற்குள் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.